ஐந்தாறு வடிவங்கள் கற்பித்த ஆசிரியர்

மஃரிபுத் தொழுகை முடிந்து நாம் வீடு திரும்பிய ஒரு மாலைப்பொழுதில், அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் கணக்குக் குறிப்பேடும் கவராயமும் கையுமாக நம் வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பில் பயில்பவன். இருசமபக்க முக்கோணம் ஒன்றில் சமபக்கங்களுக்கு எதிரே அமைந்த கோணங்கள் சமமானவை என்பதை நிறுவி வருமாறு பள்ளியில் பணித்திருந்தனர். "விடைய மட்டும் சொல்லுங்க ஹஜ்ரத், எழுதிக்கிறேன்" என்றான். கைபேசியில் கணக்கைப் படம்பிடித்தால் விடை முழுவதும் வந்துவிடுமாம்; அன்று அவனுடைய வாப்பா கைபேசியோடு வெளியூர் சென்றுவிட்டார்; ஆதலின் நம்மிடம் வந்தான்.

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்த நமக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சமும் நெகிழ்ந்தது. அந்த முக்கோணம் நமக்குப் பழைய நண்பன். நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில், முதிய உஸ்தாத் ஒருவர், பாடத்திட்டத்தில் இல்லாதபோதிலும், அஸருக்குப் பின் எங்களில் மூவரை மட்டும் இருத்தி, மஞ்சளேறிய கல்லச்சுப் பிரதி ஒன்றிலிருந்து உக்லீதிஸின் முதல் மகாலாவை ஓதிக்கொடுத்தார். அரபியர் உக்லீதிஸ் என்று அழைப்பது யூக்ளிட் என்னும் கிரேக்கப் பேரறிஞரைத்தான். சிறுவனின் ஏட்டில் ஏ, பி, சி. நம் கிதாபில் அலிஃப், பே, ஜீம். முக்கோணம் ஒன்றே!

ஆனால் விடையை மட்டும் சொல்வதா? கணிதத்தில் ஒரு மாணவனுக்கு எந்த அளவு உதவினால் அது உதவி, எந்த அளவைக் கடந்தால் அது கேடு? இக்கேள்வி புதியதன்று. வடிவியலை அரபு மொழியில் கற்றும் கற்பித்தும் வாழ்ந்த முன்னோரின் வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

யூக்ளிடின் நூல் அரபு மொழிக்கு வந்த வரலாற்றைச் சிறிது காண்போம். கலீஃபா ஹாரூன் அர்-ரஷீத் காலத்தில் (786–809) ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுஃப் இப்னு மதர் என்பார் அதனை முதலில் மொழிபெயர்த்தார். மஃமூனின் காலத்தில் (813–833) அவரே அதனைச் செப்பனிட்டு மீண்டும் தந்தார். முன்னது ஹாரூனி எனவும் பின்னது மஃமூனி எனவும் பெயர்பெற்றன. பின்னர் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் புதிதாக ஒரு மொழிபெயர்ப்பைச் செய்ய, அதனை ஸாபித் இப்னு குர்ரா திருத்தினார். 1248ஆம் ஆண்டில் நஸீருத்தீன் தூஸி எழுதிமுடித்த 'தஹ்ரீரு உக்லீதிஸ்' இம்முயற்சிகளையெல்லாம் ஒருங்கு திரட்டி, மாணவருக்கேற்ற நூலாய் அமைந்தது. நம் உஸ்தாதின் கையிலிருந்த மஞ்சளேறிய பிரதியும் அதுவே.

இந்நூலின் தேற்றங்களை அரபியர் 'ஷக்ல்', அதாவது வடிவம், என்று அழைத்தனர். சில வடிவங்களுக்குச் செல்லப்பெயர்களும் இட்டனர். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைப் பற்றிய தேற்றம் 'மணமகள் வடிவம்'. முக்கோணத்தின் இரு பக்கங்கள் சேர்ந்தால் மூன்றாம் பக்கத்தினும் பெரிது என்பது 'கழுதை வடிவம்'. தீனியை நோக்கி நேர்வழியில் நடக்கும் கழுதைக்கும் அது தெரியும் என்ற கேலி கிரேக்கர் காலத்திலேயே உண்டு. நம் சிறுவன் கொண்டுவந்த இருசமபக்க முக்கோணத் தேற்றத்திற்கோ 'மஃமூனி வடிவம்' என்று பெயர். கலீஃபா மஃமூன் அதன் அழகில் மயங்கித் தம் ஆடையின் கைப்பகுதியில் அதனைப் பொறித்துக்கொண்டார் என்று கூறுவர். பாடத்தோடு பழகி, அதனை வீட்டுப் பிள்ளைபோல் பெயரிட்டு அழைத்த மக்கள் அவர்கள்!

இனி, உதவி என்னும் பொருளுக்கு வருவோம்.

இப்னு சீனா (980–1037) தம் இளமையைத் தாமே சொல்லிவைத்த குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. புகாராவில் சிறுவனாயிருந்தபோது, இந்தியக் கணக்கு முறையைக் கற்றுவருமாறு தந்தையார் அவரை ஒரு காய்கறி வணிகரிடம் அனுப்பினார். பின்னாளில் மருத்துவ உலகம் பல நூற்றாண்டுகள் தலைவணங்கிய அறிஞருக்குக் கணக்குப் பாடம் கிடைத்த இடம் காய்கறிக் கடை! அறிவு எங்கிருப்பினும் அங்கே பிள்ளையை அனுப்பத் தயங்காத தந்தையும் ஓர் ஆசிரியரே என்பது நம் எண்ணம்.

பின்னர் அபூ அப்தில்லாஹ் நாத்திலீ என்னும் ஆசிரியர் புகாராவுக்கு வந்தார். மகனுக்குப் பாடம் சொல்லும்பொருட்டுத் தந்தையார் அவரைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்தார். தருக்கத்தில் தொடங்கிய பாடம் யூக்ளிடை எட்டியது. முதல் மகாலாவில் உள்ள வடிவங்கள் 48. அவற்றுள் முதல் ஐந்தாறு வடிவங்களை மட்டுமே இப்னு சீனா ஆசிரியரிடம் ஓதினார். அந்நூலின் எஞ்சிய பகுதியனைத்தையும் தாமே முயன்று தெளிந்தார். அடுத்து வானியல் நூலாகிய 'மஜஸ்தி'யில் வடிவியல் பகுதி வந்ததும் நாத்திலீ ஒரு வழி சொன்னார்: நீயே படி, நீயே தீர், பின்னர் என்னிடம் காட்டு, சரி எது, பிழை எது என்று சொல்கிறேன் என்பதே அதன் சாரம். மாணவர் அவ்வாறே செய்தார். ஆசிரியருக்கே விளங்காதிருந்த கடினமான வடிவங்கள் பல, மாணவர் விளக்கிய பின்னரே அவருக்கு விளங்கின என்பது இப்னு சீனாவின் கூற்று.

இதனைப் படிப்போர் பலரும் மாணவரின் மேதைமையை வியந்து நின்றுவிடுவர். நம் கண்ணோ ஆசிரியரின்மீது நிலைக்கிறது. நாத்திலீ பெருங்கணித வல்லுநர் அல்லர். மாணவரே அதனை மறைக்கவில்லை. எனினும் அவர் மூன்று காரியங்களைச் சரியாகச் செய்தார். வழி திறக்கும் அளவுக்கு முதல் சில அடிகளைக் கூட நடந்தார். பின் கையை விட்டார். விட்டபின்னும் போய்விடாமல், 'காட்டு' என்று அமர்ந்திருந்தார். தமக்குத் தெரியாததை மாணவன் வாயிலாகக் கேட்கவும் அவர் நாணவில்லை. உதவியின் இலக்கணம் இவ்வளவே.

அப்படியாயின் ஆசிரியரும் நூலும் வேண்டாம், எல்லாம் தானே கண்டுகொள்ளலாம் என்று ஒருவன் துணிவானாயின் அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. மஃமூனின் அவையில் விளங்கிய பனூ மூஸா சகோதரர் மூவருள் ஹஸன் என்பார் வடிவியலில் நிகரற்றவர். யூக்ளிடில் ஆறு மகாலாக்களை மட்டுமே ஓதி, மற்றவற்றைத் தம் சிந்தையாலேயே வருவித்துக்கொண்டவர். இது கலீஃபாவின் செவிக்கு எட்டியபோது அவர் புகழ்ந்து நிறுத்திக்கொள்ளவில்லை, கடிந்தும் கொண்டார். எழுத்துக்கும் பேச்சுக்கும் அலிஃப், பே எவ்வாறோ அவ்வாறே வடிவியலுக்கு அந்நூல். அதனை முழுதும் ஓதாது விட்டதற்குச் சாக்கு ஏற்கமாட்டேன் என்றாராம். இச்செய்தியை இப்னுல் கிஃப்தீ பதிவு செய்துள்ளார். தானே காணும் ஆற்றலும் வேண்டும். முன்னோர் நடந்த வழியை முறையாக நடந்து பார்க்கும் பணிவும் வேண்டும்.

விடையைப் பார்த்து எழுதுதலைப் பற்றியும் ஒரு சொல். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், ஒளியியலின் தந்தையெனப் போற்றப்படுபவர். யூக்ளிடின் ஐயங்களைத் தீர்க்கத் தனிநூலே இயற்றியவர். அவர் தம் முதுமையில் ஆண்டுதோறும் யூக்ளிடையும் மஜஸ்தியையும் அவற்றுக்கு இடைப்பட்ட கணித நூல்களையும் கைப்பட நகலெடுத்து, 150 தீனாருக்கு விற்று, அவ்வருவாயில் ஓராண்டைக் கழித்தார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அதுவும் பார்த்து எழுதுதலே! ஆயினும் ஒவ்வொரு வரியின் காரணமும் அறிந்த கை எழுதிய எழுத்து அது. காரணம் அறியாது எழுதும் கைக்கு எழுத்து எஞ்சும், அறிவு எஞ்சாது.

காரணம் அறியாமையால் நேரும் பிழை எத்தகையது என்பதை அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி (940–998) காட்டுகிறார். கைவினைஞருக்குத் தேவையான வடிவியலைப் பற்றி நூல் எழுதிய அவர், பக்தாதில் கைவினைஞரும் வடிவியலாரும் ஒன்றாய் அமர்ந்த கூட்டங்களில் கலந்துகொண்டவர். அத்தகைய கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வி: சமமான மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி? கைவினைஞர் சிலர் காட்டிய முறைகள் கண்ணுக்குச் சதுரமாகவே தோன்றின, ஆராய்ந்தால் பிழை. வடிவியலாரோ கோட்டின் அளவை நிறுவினர். கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று சொல்ல இயலவில்லை. அபுல் வஃபா இரு சதுரங்களைக் குறுக்கே வெட்டி நான்கு முக்கோணங்களாக்கினார். மூன்றாம் சதுரத்தை நடுவில் இட்டு, ஒவ்வொரு முக்கோணத்தின் நீண்ட பக்கமும் சதுரத்தின் ஒரு பக்கத்தோடு ஒட்டி, ஒரு முனை சதுரத்தின் மூலையில் தொடங்குமாறு, காற்றாடிபோல் சுற்றிலும் வைத்தார். முக்கோணங்களின் செங்கோண முனைகளைக் கோடுகளால் இணைத்தார். கோட்டுக்கு வெளியே நீண்ட துண்டுகள் உள்ளே இருந்த வெற்றிடங்களில் பிசகின்றிப் பொருந்தின. கையும் கருத்தும் ஒன்றுபட்டன.

'இக்கணக்கெல்லாம் ஆலிமுக்கு எதற்கு?' என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இமாம் கஸ்ஸாலி (1058–1111) விடை கூறிவிட்டார். தத்துவவாதிகளைக் கடுமையாக மறுத்த அவரே, தம் 'அல்-முன்கித்' நூலில், கணக்கும் வடிவியலும் மறுக்கவொண்ணாத சான்றுகளால் நிறுவப்பட்டவை என்று ஒப்புகிறார். அவற்றின் உறுதியைக் கண்டு அவ்வறிஞரின் ஏனைய கூற்றுகளையும் அப்படியே நம்பிவிடுவது ஒரு கேடு. மார்க்கத்தைக் காப்பதாக எண்ணி அவ்வறிவையே மறுக்கும் அறியாத நண்பனால் விளைவது மற்றொரு கேடு என்று இரண்டையும் எச்சரிக்கிறார். இப்னு கல்தூனோ தம் 'முகத்திமா'வில், ஆடைக்குச் சவர்க்காரம் எப்படியோ அப்படியே அறிவுக்கு வடிவியல் என்று தம் ஆசிரியர்கள் சொல்லிவந்ததை நினைவுகூர்கிறார்.

நம் நாட்டிலும் இவ்வழி தொடர்ந்தது. லக்னோ ஃபிரங்கி மஹலைச் சார்ந்த முல்லா நிஜாமுத்தீன் (இறப்பு 1748) பெயரால் வழங்கும் பாடத்திட்டத்தில், தூஸியின் தஹ்ரீரிலிருந்து முதல் மகாலாவும், பஹாவுத்தீன் ஆமிலியின் 'குலாஸத்துல் ஹிஸா'பும் இடம்பெற்றன. அதே தஹ்ரீரை அதே நூற்றாண்டின் முற்பகுதியில் ஜகந்நாதர் என்னும் பண்டிதர், மன்னர் ஜெய்சிங்குக்காக 'ரேகாகணிதம்' என்று சமஸ்கிருதத்தில் ஆக்கினார். பின்னாளில் மதரஸாக்கள் பலவற்றில் இப்பாடம் நழுவிப்போயிற்று. நம் உஸ்தாத் அதனை அஸருக்குப் பின்னான ஓய்வுநேரத்தில் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் மூவருக்குப் பின் அவரிடம் அதனை ஓதியவர் எவருமில்லை. அந்தக் குற்றவுணர்வு நமக்கு இன்றளவும் உண்டு.

அச்சிறுவனின் கதையை முடிப்போம். நாம் விடை சொல்லவில்லை. "உனக்குத் தந்திருப்பது எது? கேட்டிருப்பது எது?" என்று மட்டும் கேட்டோம். முகம் சுளித்தான், ஆயினும் அமர்ந்தான். சிறிது நேரம் கழித்து, உச்சிக்கோணத்தை இருகூறாக்கும் கோடு ஒன்றை வரைந்து பார்க்கச் சொன்னோம். இரண்டு முக்கோணங்கள் தோன்றின. இஷாவுக்குப் பாங்கு ஒலிப்பதற்குள் அவை ஒன்றுக்கொன்று சரிசமம் என்பதைத் தானே கண்டு, தானே எழுதி முடித்தான்.

மறுநாள் மாலை மீண்டும் வந்தான். "ஹஜ்ரத், நடுவுல கோடே வேணாம்" என்றான். தாளில் வெட்டிய முக்கோணத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, "திருப்பினாலும் அதே முக்கோணம்தானே? இந்தப் பக்கம் அந்தப் பக்கத்துமேல உக்காருது. அப்ப இந்தக் கோணமும் அந்தக் கோணமும் ஒண்ணுதானே?" என்றான். அலெக்ஸாந்திரியாவில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பாப்பஸ் என்னும் கணித அறிஞர் கண்ட நிறுவல் அது! அவர் பெயரை அச்சிறுவன் கேள்விப்பட்டதில்லை. நமக்கும் அது அக்கணத்தில் தோன்றவில்லை. உஸ்தாதும் எங்களுக்கு அதனை ஓதிக்கொடுத்ததில்லை.

நாம் அவன் கையிலிருந்த தாளை வாங்கி, ஒருமுறை திருப்பிப் பார்த்தோம். நாத்திலீ பெற்ற பேற்றில் ஒரு சிறு பங்கு நமக்கும் கிடைத்தது. இப்போது அஸருக்குப் பின் நம் திண்ணையில் நான்கு பிள்ளைகள் அமர்கிறார்கள். மஞ்சளேறிய அந்தக் கிதாப் மீண்டும் திறந்திருக்கிறது.