வேடமும் நோன்பும்

பங்குனி கழியும் நாட்களில், லேக் கார்டன்ஸ் போன்ற தென்கொல்கத்தாப் பகுதிகளில் வாழும் நம்மவர் புத்தாண்டுக்கு ஆயத்தமாகும் வேளையில், தெருவில் சிவனும் காளியும் வருவதுண்டு. சிவன் மேனியெங்கும் நீலம் அல்லது சாம்பல் பூசியிருப்பார். காளிக்குக் கருமையும் செந்நாக்கும். இரப்போர் என்றெண்ணிச் சில்லறை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வங்காளத்தின் காஜன் விழாவை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

குடியானவரும் உழைப்பாளரும் சில நாட்கள் துறவு பூண்டு சிவனுக்கு நோன்பிருப்பதே காஜன். கடைநாள் விழா சரக் எனப்படும். முதுகில் கொக்கி மாட்டிச் சுழலும் வழக்கத்தை ஆங்கில அரசு 1865-இல் வங்காளத்தில் தடைசெய்தது. செடல் உற்சவம் கண்ட தமிழர்க்கு இது புதிதன்று. இவ்விழாவையொட்டி 'சங்' என்ற வேட ஊர்வலமும் கொல்கத்தாவில் நடந்து வந்தது. கன்னார் வாழ்ந்த காஞ்சாரிபாடாவினரும், மீனவர் வாழ்ந்த ஜேலேபாடாவினரும் முகத்தில் வண்ணம் பூசிப் பெரிய மனிதரைத் தெருவிலேயே எள்ளி நகையாடினர். அது ஆபாசம் எனக் கற்றோர் சிலர் 1870-களில் எதிர்த்தனர். எள்ளலுக்கு இலக்கானோரின் சினமும் அவ்வெதிர்ப்பில் கலந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது!

நம் இலக்கியத்தில் இதற்கொரு பழஞ்சான்று உண்டு. சிலப்பதிகார வேட்டுவவரியில் எயினர் தம் குலக் குமரியைக் கொற்றவையாகப் புனைகின்றனர். பாம்புக்குட்டி போன்ற கயிற்றால் கூந்தலை முடியாகக் கட்டுகின்றனர். பன்றிக்கொம்பைப் பிறைநிலவாகச் சூட்டுகின்றனர். புலிப்பல் தாலி பூட்டிப் புலித்தோல் உடுத்துகின்றனர். வில்லைக் கையிற் கொடுத்துக் கலைமான்மேல் ஏற்றுகின்றனர். அணிகள் யாவும் வேட்டையிற் கிடைத்தவை என்பதை நோக்குக. பொன்னும் மணியும் அவர்கள் தேடவில்லை. தம் தொழிலின் பொருள்களாலேயே தெய்வத்தை அமைத்துக்கொண்டனர்.

நைஜீரியாவின் யொருபா மக்களும் இவ்வகையினரே. அவர்களது எகுங்குன் விழாவில் முன்னோராக வருபவர் தலைமுதல் கால்வரை துணியடுக்குகளால் தம்மை மறைத்துக்கொள்வர். அவ்வுடையில் குடும்பத்தார் காலந்தோறும் புதுத்துணி சேர்த்துத் தைப்பர். ஆகவே ஒரே உடையில் பல தலைமுறைகளின் துணிகள் தங்கியிருக்கும்.

வேடத்தை நோன்பாகக் கொள்ளும் விழாவை இன்றும் காண விழைவோர் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்துக்குச் செல்லலாம். அங்கு முத்தாரம்மன் தசராவுக்கு நேர்ந்துகொண்டோர் விரதமிருந்து காப்புக் கட்டுவர். காளி, குரங்கு, குறவன், காவலர் எனத் தாம் நேர்ந்த வேடம் தாங்குவர். வசதியுள்ளவரும் அவ்வேடத்தோடு வீடுவீடாகக் கையேந்துவர். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்தபின் காப்பு அவிழ்க்கப்படும். பெற்ற காணிக்கையோ அம்மன் உண்டியலுக்கே போய்ச்சேரும்.