மூன்று மொழிகளில் ஒரு துண்டுப்பிரசுரம்

வரலாற்றை மாற்றிய எழுத்துக்கள் என்றதும் பெரும் நூல்களே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் நோக்கப்போவது ஒரு சிறு துண்டுப்பிரசுரம். அதனை வாசித்தோர் எந்த இலக்கிய வரலாற்றிலும் இடம்பெறாத ஏழைத் தாய்மார்.

ஆண்டு 1916. இடம், நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள பிரவுன்ஸ்வில். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களும் இத்தாலியர்களும் நெருக்கமாக வாழ்ந்த தொழிலாளர் குடியிருப்பு அது. அங்கிருந்த பெண்கள் பலர் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசியது யிடிஷ் அல்லது இத்தாலிய மொழி. ஆங்கிலம் அவர்களுக்கு அந்நியமாகவே இருந்தது.

கருத்தடை பற்றிய அறிவு அக்காலத்தில் இல்லாமலில்லை. வசதி படைத்த பெண்கள் தமக்கு அறிமுகமான வைத்தியரிடம் அந்தரங்கமாகக் கேட்டறிந்தனர். ஆனால், 1873ஆம் ஆண்டின் கொம்ஸ்டொக் சட்டம் கருத்தடை பற்றிய எழுத்தை ஆபாசம் என வகுத்து, அதனைத் தபாலில் அனுப்புவதையே குற்றமாக்கியிருந்தது. நியூயோர்க் மாநிலச் சட்டமும் அந்த அறிவைப் பரப்புவதைத் தடுத்தது. குடியேறி வந்த ஏழைப் பெண்ணின் முன் இவ்வாறு இரண்டு சுவர்கள் நின்றன. ஒன்று சட்டம், மற்றது மொழி.

மார்கரட் சாங்கர் ஒரு தாதி. வறிய குடியிருப்புகளில் பணியாற்றியபோது, கருவைத் தாமே கலைக்க முயன்று உயிருக்குப் போராடிய பெண்களைக் கண்டவர். 1916 ஒக்டோபர் 16ஆம் திகதி, பிரவுன்ஸ்வில்லின் அம்பொய் வீதி 46ஆம் இலக்கத்தில் அவர் ஒரு கிளினிக்கைத் திறந்தார். அமெரிக்காவின் முதலாவது கருத்தடை ஆலோசனை நிலையம் அதுவே. தாதியான அவருடைய சகோதரி எதல் பேர்னும் துணை நின்றார்.

திறப்பதற்கு முன்னர் வீடுவீடாகத் துண்டுப்பிரசுரம் வழங்கப்பட்டது. ஆங்கிலம், யிடிஷ், இத்தாலியன் ஆகிய மூன்றும் ஒரே தாளில் அச்சாகியிருந்தன. அதிலே போதனை இல்லை. தாயை நோக்கிய கேள்விகளே இருந்தன. இன்னும் பிள்ளைகள் வேண்டுமா, பெரிய குடும்பத்தைப் பராமரிக்க இயலுமா என்று கேட்டது. உயிரைப் போக்காதீர்கள், கருத்தரிக்காமல் காத்துக்கொள்ளுங்கள் என்றது. பயிற்சி பெற்ற தாதியரிடம் தீங்கற்ற வழியை அறியலாம், அயலவருக்கும் சொல்லுங்கள் என்று முடிந்தது. பதிவுக் கட்டணம் 10 சதம்.

மும்மொழி அறிவித்தல் நமக்குப் புதுமையல்ல. ஆனால் அறிவித்தலை வாசித்து உள்ளே சென்றவளுக்கு அங்கே இருப்பவரின் பேச்சு விளங்காவிட்டால் பயன் என்ன? கிளினிக்கின் மூன்றாவது பெண் இங்கேதான் முக்கியம் பெறுகிறார். அவர் ஃபானியா மிண்டெல். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெண். யிடிஷ் பேசும் தாய்மாருக்கு விளக்கங்களை அவர்களுடைய மொழியிலேயே எடுத்துரைத்தவர் அவரே. வெளியே சொல்லக் கூசும் ஒன்றைத் தாய்மொழியில் கேட்கவும், விளங்காததைத் திரும்பக் கேட்கவும் அவரால் வாய்ப்புக் கிடைத்தது.

கிளினிக் இயங்கிய நாட்கள் சுமார் பத்து. வந்த பெண்கள் 464 பேர். ஒரு பெண் பொலிஸ் உத்தியோகத்தர் தாயைப் போல வந்து உளவறிந்தார். ஒக்டோபர் 26ஆம் திகதி பொலிஸார் நுழைந்தனர். சகோதரியர் இருவருக்கும் தலா 30 நாட்கள் சிறை. சாங்கரின் நூலொன்றை விற்றதற்காக மிண்டெலுக்கு 50 டொலர் அபராதம். மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. 1918ஆம் ஆண்டு மேன்முறையீட்டு மன்றம் சாங்கரின் தண்டனையை உறுதிசெய்தபோதிலும், நோய்த்தடுப்பின் பொருட்டு வைத்தியர்கள் கருத்தடை ஆலோசனை வழங்கலாம் என்று சட்டத்துக்கு விளக்கமளித்தது. கதவு சற்றே திறந்தது.

சாங்கர் குறையற்றவரல்லர். 'தகுதியற்றோர்' பிள்ளை பெறக்கூடாது என்ற இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் ஆதரித்தார். அதன் காரணமாகவே 2020ஆம் ஆண்டில் நியூயோர்க் கிளினிக் ஒன்றிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. ஒரு பெண்ணின் முடிவை வேறொருவர் எடுக்கலாம் என்ற அந்த எண்ணத்துடன் மொழிச் சுவரும் சேர்ந்தால் என்ன நடக்கும்?

அதே நாட்டின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அது நடந்தது. 1975ஆம் ஆண்டு, மெக்சிக்கோ வம்சாவளிப் பெண்கள் பத்துப்பேர் வழக்குத் தொடுத்தனர். பிரசவ வேதனையின் நடுவே, தமக்கு விளங்காத ஆங்கிலப் பத்திரங்களில் கையொப்பம் பெற்று நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தார்கள் என்பது முறைப்பாடு. இனிப் பிள்ளை பெற முடியாதென்பதைச் சிலர் பின்னரே அறிந்தனர். 1978இல் நீதிபதி, இது கருத்துப் பரிமாற்றத்தில் நேர்ந்த தவறு என்று கூறி வழக்கைத் தள்ளினார். அப்பெண்கள் தோற்றனர். எனினும் அவர்களும் பிறரும் நடத்திய போராட்டத்தின் பயனாக, பெண்ணுக்கு விளங்கும் மொழியில் விளக்கமும், சிந்திக்கக் கால அவகாசமும் வேண்டுமென விதிகள் வந்தன.

இரண்டுமே கடதாசிகள்தான். ஒன்று தாயின் மொழியில் அவளைக் கேள்வி கேட்டது; மற்றது அவளறியா மொழியில் அவளுக்காகப் பதில் எழுதிக்கொண்டது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், அருகிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் இருந்தாரா இல்லையா என்பதே. சாங்கரின் பெயர் சொல்லப்படும் இடமெல்லாம் ஃபானியா மிண்டெலின் பெயரும் சொல்லப்படுவது நியாயம்.