பூனை பழிவாங்குமா?

'சார், எங்க வீட்டுப் பூனை என்னைப் பழிவாங்குது!' என்று போனில் புலம்பினார் நண்பர். விஷயம் இதுதான். பால்கனியில் லிட்டர் பாக்ஸ் (பால் வாங்கும் லிட்டர் இல்லை, பூனைக்கான மணல் தொட்டி!) சுத்தமாக இருக்கிறது. பூனையோ அதை விட்டுவிட்டு, பார்த்துப் பார்த்து அவருடைய தலையணையில் 'உச்சா' போகிறதாம். 'ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்' என்று அவருடைய மனைவி கெடு வைத்துவிட்டாராம்!

உலகம் முழுக்க வளர்ப்புப் பூனைகள் வீட்டை விட்டு விரட்டப்படுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது. ஆனால், பூனை நிஜமாகவே பழிவாங்குகிறதா? தீர்ப்புச் சொல்வதற்கு முன், சுமார் பத்தாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விட்டு வந்துவிடலாம்!

மத்திய கிழக்கில் மனிதன் விவசாயம் செய்யத் தொடங்கிய காலம். களஞ்சியத்தில் தானியம் சேர்ந்தது. தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்து தங்கிவிட்டது! சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனும் பூனையும் அருகருகே புதைக்கப்பட்டதை 2004-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம் வீட்டுப் பூனைகளின் பூர்வீகம் அந்தப் பகுதிக் காட்டுப்பூனைதான் என்று 2007-ல் மரபணு ஆராய்ச்சியும் சொன்னது.

வறண்ட நிலத்தில் வாழ்ந்த பிராணி என்பதால், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிறுநீரகம் அதற்கு. ஆகவே சிறுநீர் ரொம்பக் கெட்டி. நாற்றமும் அதிகம். போகும் இடத்தில் பொலபொலவென்ற மண்ணைத் தோண்டிப் போய்விட்டு மூடிவிடும். யாரும் சொல்லிக் கொடுத்த பாடமில்லை, ரத்தத்தில் ஊறியது!

எகிப்தில் பூனை தெய்வமானது. வீட்டுப் பூனை இறந்தால், வீட்டிலுள்ளவர்கள் துக்கத்தில் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார் கிரேக்கர் ஹெரோடோட்டஸ். அடேயப்பா! இருந்தாலும், அந்த தெய்வத்துக்கும் கழிப்பறை வெளியேதான். இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை அதே கதைதான். ராத்திரியானால் பூனையைத் தூக்கி வெளியே விட்டுக் கதவைச் சாத்துவது அமெரிக்க வழக்கம். 1960-ல் தொடங்கிய 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூன் தொடரின் கடைசிக் காட்சி நினைவிருக்கிறதா? ஃபிரெட் பூனையை வெளியே விடுவார். அது ஜன்னல் வழியாக உள்ளே குதித்து, அவரைத் தூக்கி வெளியே வைத்துவிடும்!

நிஜத்திலும் பூனை உள்ளே வந்தது, 1947 ஜனவரியில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் காஸோபோலிஸ் என்றொரு சிற்றூர். கடும் குளிர். கே டிரேப்பர் என்ற பெண்மணியின் வீட்டு மணல் உறைந்து கல்லாகிவிட்டது. பதிலுக்குச் சாம்பலைப் போட்டுப் பார்த்தார். பூனை வீடெல்லாம் கரிக்காலால் கோலம் போட்டது! 'கொஞ்சம் மணல் இருக்கா?' என்று பக்கத்தில் இருந்த எட் லோ என்ற இளைஞரிடம் போய் நின்றார். கடற்படையில் இருந்து திரும்பி, அப்பாவின் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் லோ. எண்ணெய் சிந்திய தொழிற்கூடத் தரைகளில் தூவ, ஈரம் உறிஞ்சும் களிமண் துகள்களை விற்றார்கள். 'இதைப் போட்டுப் பாருங்க' என்று ஒரு பை கொடுத்தார்.

அது என்ன மண் தெரியுமா? ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்'. நம் பியூட்டி பார்லர்களில் முகத்தில் அப்பிவிடும் முல்தானி மட்டிதான்!

கே டிரேப்பர் வேறெதையும் வாங்க மறுத்துவிட, லோவின் மூளையில் பளிச்! பத்துப் பைகளில் ஐந்து பவுண்டு வீதம் நிரப்பி, 'கிட்டி லிட்டர்' என்று எழுதி, விலை 65 சென்ட் என்றார். 'மணல் சும்மா கிடைக்கும்போது இதை எவன் வாங்குவான்?' என்றார் கடைக்காரர். 'அப்படின்னா இனாமாகவே கொடுங்க' என்றார் லோ. வாங்கிப்போனவர்கள் காசோடு திரும்பி வந்தார்கள். 1990-ல் தன் நிறுவனத்தை அவர் விற்றபோது அது கோடிக்கணக்கான டாலர் சாம்ராஜ்யம்!

பூனை உள்ளே வந்தாயிற்று. ஆனால், பரந்த தோட்டம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியாகச் சுருங்கிவிட்டது. அங்கேதான் சிக்கல். ரொம்ப நாள் டாக்டர்கள், சிறுநீர்ப்பைத் தொல்லைக்கு உணவிலுள்ள தாது உப்புகள் மீதே பழி போட்டார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் வேறு கோணத்தில் பார்த்தார். அவருடைய குழு, நோயுள்ள 20 பூனைகளையும் ஆரோக்கியமான 12 பூனைகளையும் 77 வாரங்கள் கவனித்து 2011-ல் முடிவை வெளியிட்டது. சாப்பாட்டு நேரம் மாறினாலோ, கவனிக்கும் ஆள் மாறினாலோ, ஆரோக்கியமான பூனைகளும் வாந்தி எடுத்தன, தொட்டிக்கு வெளியே போயின! பழிவாங்கல் அல்ல, பதற்றம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கால்நடை டாக்டர். பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வரவில்லை என்றால், அதுவும் ஆண் பூனையாக இருந்தால், காத்திருக்காதீர்கள். குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நோய் இல்லை என்றால் தொட்டியைப் பாருங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி, இரண்டு பூனைக்கு மூன்று. மூடி வேண்டாம், வாசனை வேண்டாம், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். தினமும் அள்ளுங்கள். நின்றபடி சுவரில் பீய்ச்சி அடிக்கும் கடுவன் என்றால், கருத்தடை ஆபரேஷன் பெரும்பாலும் பலன் தரும். நனைந்த இடத்தை என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். ஃபினைல் கூடவே கூடாது, பூனைக்கு அது விஷம். அடிக்கவும் செய்யாதீர்கள். பயம் கூடினால் நனைவதும் கூடும்!

'கடைசியா வீட்டில என்ன மாத்தினீங்க?' என்று நண்பரைக் கேட்டேன். யோசித்துவிட்டு இழுத்தார். 'புது வாஷிங் மெஷின்... தொட்டி பக்கத்தில வெச்சோம்.' மெஷின் 'கடகட'வென்று ஆட, பூனை பயந்து ஓடி, அதற்குப் பிடித்த மனிதரின் வாசனை உள்ள தலையணையில் அடைக்கலம் புகுந்திருக்கிறது!

டாக்டரிடம் காட்டினார். நோய் ஏதுமில்லை. தொட்டி, அமைதியான மூலைக்கு மாறியது. ஞாயிறு வந்து போனது. மனைவியும் இருக்கிறார், பூனையும் இருக்கிறது!