முதுகுன்றம் விருத்தாசலம் ஆன பிறகு

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் இன்று பீங்கானுக்குப் பேர்போன ஊர். அகல்விளக்கும் பொம்மையும் சூளையில் வேகும் இவ்வூரில் களிமண் பேச்சுக்குக் குறைவில்லை. மலைதான் கண்ணில் படாது. பெயரில் மட்டும் அது நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும், அவர்களுக்குப் பின் சுந்தரரும் பாடியது திருமுதுகுன்றத்தை. முதுவுக்கு விருத்தம், குன்றத்துக்கு அசலம் என்று வடமொழிக்குப் போன பெயரே விருத்தாசலம். மறைக்காடு வேதாரணியம் ஆனதும் இவ்வழியில்தான். இது தெரிந்த செய்தி. பெயர்ப்பு பெயரோடு நிற்கவில்லை, தலக்கதைகளுக்குள்ளும் புகுந்தது என்பதே என் வாதம்.

குன்றம் அளவு சொல்லாத சொல். திருப்பரங்குன்றத்துப் பெரும்பாறையும் குன்றம். குன்றத்தூரில் முருகன் கோயில் கொண்ட சிறு மேடும் குன்றம். மலையாளத்துக் ‘குன்னு’ இன்றும் சிறு மலையைத்தான் சுட்டும். மணிமுத்தாற்றங்கரையில் ஒரு மேட்டுநிலம் இருந்திருந்தாலே பெயருக்குப் போதும். அசலம் அப்படியன்று. ‘அசையாதது’ என்று பொருள்படும் அச்சொல் அருணாசலம், வேங்கடாசலம் என்று பெருமலைகளின் வரிசையில் ஊரைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. பிறகு ‘மலை எங்கே?’ என்ற கேள்வி எழாமல் இருக்குமா? பிரமன் மலைகளைப் படைக்குமுன்பே சிவன் இங்கே மலையாக நின்றான், அது மண்ணுக்குள் அழுந்திவிட்டது என்று ஊரார் விடை சொல்கிறார்கள். பெயர்ப்புக்கு முன்பே இக்கதை இருந்திருக்கலாம் என்று மறுக்க இடமுண்டு. ஆனால் மலையைப் புதைக்க வேண்டிய நெருக்கடி குன்றத்தைவிட அசலத்துக்கே மிகுதி.

இத்தாலியில் ஊர்ப்பெயருக்கு ஊர்ப்பெயர் வரும் ‘மோந்தே’ வேறு கதை. இலத்தீன் ‘மோன்ஸ்’ ஒலி தேய்ந்து அப்படி ஆயிற்று. அங்கே மொழிபெயர்ப்பு இல்லை. மோந்தேகாசினோவில் மலை கண்ணெதிரே நிற்கிறது, அதைப் புதைக்கக் கதையும் வேண்டியதில்லை.

இனி ‘முது’. மூதூர், முதுமொழி என்னும்போது தொன்மை தோன்றுமே தவிர தள்ளாமை தோன்றாது. விருத்தம் வளர்ச்சியைக் குறிக்கும் வேரில் பிறந்ததாயினும் தமிழர் காதில் கிழப்பருவமாகவே விழுகிறது. அம்மனுக்குப் பெரியநாயகி என்ற பெயரோடு விருத்தாம்பிகை என்ற பெயரும் உண்டு. குருநமசிவாயர் என்னும் துறவி பசியோடு வந்து, அவளைக் ‘கிழத்தி’ என்று விளித்துச் சோறு கேட்டுப் பாடினாராம். கிழவி எப்படிச் சோறு சுமந்து வருவாள் என்று அவள் கேட்க, இளமை தோன்ற மறுபாட்டுப் பாடினார். இளையவளாக வந்து படைத்தாள். அவளே பாலாம்பிகை என்னும் இளையநாயகி. தொல்காப்பியத்தில் கிழத்தி என்றால் தலைவி, உரிமை உடையவள். வயதுக்கு அங்கே இடமில்லை. உரிமைச் சொல் முதுமைச் சொல்லாகக் கேட்டதால்தான் கதையே நகர்கிறது. கிழத்தி தமிழிலேயே பொருள் மாறிய சொல், மெய்தான். ஆனால் விருத்தாம்பிகையின் ஊரில் அந்தச் சிலேடை இருமடங்கு எடுபடும்.

இறைவன் பெயர்களில் விருத்தகிரீசுவரர், பழமலைநாதர் இரண்டும் வழக்கில் உள்ளன. பின்னதைத் தூய பழந்தமிழ்ப் பெயர் என்று கொள்வோர் உண்டு. எனக்கு அதில் தயக்கம். தேவாரம் இவ்வூரை விளிப்பது குன்றம் என்று. பழமலையிலோ அது மலையாகப் பெருத்திருக்கிறது. கிரியிலிருந்து தமிழுக்கு மீண்ட பெயராக இருக்கவும் கூடும். ஆட்பெயர்களிலும் குன்றம் பின்தங்கிவிட்டது. சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரைத் தாங்கிய எழுத்தாளர் புதுமைப்பித்தன் பிறந்ததும் இவ்வட்டாரத்துத் திருப்பாதிரிப்புலியூரில்தான், 1906இல். இப்பக்கத்து ஆண்களுக்குப் பழமலை என்ற பெயரும் உண்டு. முதுகுன்றம் என்று பிள்ளைக்குப் பெயரிட்டதாக நான் கேட்டதில்லை.