சோகியில் எழுதிய கடிதங்கள்



ஒரு கல். ஒரு கரித்துண்டு. ஒரு மிளகாய். வறுத்த சோளம். ஒரு கந்தல் துணி.

இது ஒரு கடிதம். மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொருபா மக்களில் ஒருவர், 19ஆம் நூற்றாண்டில் தஹோமி அரசனின் படையிடம் சிறைப்பட்டார். அங்கிருந்து மனைவிக்கு இதைத்தான் அனுப்பினார். உடம்பு கல்லுப்போல் உறுதியாக இருக்கிறது. ஆனால் வரப்போகும் காலம் கரிபோல் இருட்டு. அதை நினைத்து மனம் மிளகாயாய் எரிகிறது. துன்பத்தில் வறுபட்ட சோளம்போல் மெலிந்துவிட்டேன். உடுத்த துணியும் கந்தலாகிவிட்டது. மனைவி பொட்டலத்தை அவிழ்த்தார், விளங்கிக்கொண்டார். கோல்மர் என்ற பாதிரியார் இதைப் பதிந்து வைத்ததால் இன்று நமக்கும் தெரிகிறது.

எழுத்து இல்லாத சமூகம் என்றால் அறிவு இல்லாத சமூகம் என்றொரு எண்ணம் நம்மில் படித்தவர்களிடமும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிச் செய்தி அனுப்பும் முறைக்கு யொருபா மொழியில் ஆரோகோ என்று பெயர். அதிகம் பயன்பட்டது சோழி, அதுதான் நம் பிள்ளைகள் எறிந்து விளையாடும் சோகி. இரண்டு சோகிகளை முகத்துக்கு முகம் பார்க்கக் கட்டி அனுப்பினால் உறவு, சந்திக்க விருப்பம். முதுகோடு முதுகு வைத்துக் கட்டினால் பகை. கூடவே ஒரு இறகு இருந்தால், பறந்து வா என்று அர்த்தம்.

இதுவரை யாரும் ஊகித்துவிடலாம். அடுத்ததை ஊகிக்க முடியாது. ஆறு சோகி வந்தால் அதற்கு என்ன பொருள்? யொருபா மொழியில் ஆறுக்கு ‘எஃபா’ என்பார்கள். ‘ஃபா’ என்றால் இழுப்பது. ஆகவே ஆறு சோகி அனுப்பும் இளைஞன், ‘என் மனம் உன் பக்கம் இழுபடுகிறது’ என்கிறான். அந்தப் பெண் எட்டு சோகி திருப்பி அனுப்பினால் காரியம் கைகூடியது. எட்டு ‘எஜோ’, ‘ஜோ’ என்றால் ஒத்திருப்பது. எனக்கும் அதே மனம்தான் என்கிறாள். சீப்புக்கு ‘ஓயா’, ‘யா’ என்றால் பிரிவது. சீப்பு வந்தால் அந்த உறவு முடிந்தது.

நம் தமிழில் யோசித்துப் பாருங்கள். கோபத்தில் இருக்கும் ஒருவருக்கு ஆறு சோகி அனுப்பி ‘ஆறு, மனம் ஆறு’ என்று சொல்லலாம். தமிழ் தெரியாதவருக்கு அது வெறும் ஆறு சோகிதான். ஆரோகோவும் அப்படித்தான். சைகை மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது மொழி. கொண்டுபோகிறவருக்கே அதன் பொருள் தெரிய வேண்டியதில்லை.

அரண்மனையில் இதே மொழி உயிரை எடுத்தது. ஓயோ பேரரசின் மன்னருக்கு அலாஃபின் என்று பட்டம். அவரை வேண்டாம் என்று பிரதானிகள் முடிவெடுத்தால், கிளியின் முட்டைகளையோ வெறும் சுரைக்குடுவையையோ அனுப்புவார்கள். அதைப் பெற்ற மன்னர் தானே தன் உயிரை முடித்துக்கொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அவோலே என்ற அலாஃபினுக்கு அந்த வெற்றுக் குடுவை வந்தது. அவர் வெளியே வந்து வெவ்வேறு திசைகளில் அம்பு எய்து, அந்தத் திசைகளிலெல்லாம் நீங்கள் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்படுவீர்கள் என்று தம் மக்களைச் சபித்துவிட்டு நஞ்சருந்தினார் என்பது யொருபா வரலாற்றாசிரியர் சாமுவேல் ஜோன்சன் எழுதிவைத்த மரபுக் கதை. சாபத்தை நம்புவது வேறு விடயம். அதன்பின் ஓயோ உடைந்ததும், அந்த மக்கள் பெருந்தொகையாகக் கப்பலேற்றப்பட்டதும் வரலாறு.

அந்த அடிமை வியாபாரத்தில் மனிதனுக்குக் கொடுத்த விலைகளில் ஒன்று, காதல் சொன்ன அதே சோகி. அது ஆபிரிக்கக் கடலில் அள்ளியது அல்ல. பெரும்பகுதி நம் பக்கத்து மாலைதீவிலிருந்து போனது. 1340களில் மாலைதீவில் காழியாக இருந்து, நம் நாட்டுக்கும் வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா இதைக் கவனித்திருக்கிறார். மாலைதீவில் ஒரு பொன் தீனாருக்கு நான்கு இலட்சம் சோகி. பத்து வருடத்துக்குள் மாலி நாட்டுக்குப் போனபோது அங்கே ஒரு தீனாருக்கு 1,150 சோகிதான். இவ்வளவு இலாபம் இருந்தால் வியாபாரி விடுவானா? முதலில் சஹாராவைக் கடந்து முஸ்லிம் வணிகர்கள் கொண்டுபோனார்கள். பிறகு ஒல்லாந்தர் மாலைதீவுச் சோகியை இலங்கையில் வாங்கி ஐரோப்பாவுக்கு ஏற்ற, அங்கிருந்து அது கினிக் கரைக்குப் போய் மனிதர்களை வாங்கியது. ஐரோப்பியரை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது. சஹாரா வழியாக அடிமைகளை ஓட்டிச் சென்றவர்களில் நம் மார்க்கத்தைச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

இதெல்லாம் ஷிர்க் இல்லையா என்று யாராவது கேட்கக்கூடும். யொருபா பாரம்பரியச் சமயத்தில் இஃபா என்ற குறிபார்க்கும் முறை உண்டு. 16 பனங்கொட்டைகளைக் கையாண்டு, 256 பிரிவுகளில் மனனம் செய்த பெருந்தொகை வாய்மொழிப் பாடல்களிலிருந்து விடை சொல்வார்கள். குறிபார்ப்பதில் நம் மார்க்கத்தின் நிலைப்பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆரோகோ குறி அல்ல, கடிதம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடநம்பிக்கை என்று தள்ளுவது சோம்பேறித்தனம். அதோடு, யொருபா மக்களில் பெருந்தொகையானோர் முஸ்லிம்கள். ஒருவரை ஒருவர் நலம் கேட்கும்போது அவர்கள் சொல்லும் ‘அலாஃபியா’ நம் ‘ஆஃபியத்’ தான். பழைய சமயத்தைப் பின்பற்றுவோரும் கிறிஸ்தவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

1880களில் ஜோன் அகஸ்டஸ் ஒட்டுன்பா பெய்ன் என்பவர் லாகோஸ் உயர் நீதிமன்றத்தின் தலைமைப் பதிவாளராக இருந்தார். இஜெபு வம்சாவளி யொருபாக்காரர். ஆங்கிலச் சட்ட ஆவணங்களில் நாளெல்லாம் மூழ்கியிருந்த அந்த மனிதர்தான் ஆரோகோக்களைச் சேகரித்து, ஒவ்வொன்றின் பொருளையும் விளக்கி வைத்தவர். 1887இல் லண்டன் மானிடவியல் கழகத்தின் சஞ்சிகையில் அவை வெளியாகின. அவற்றில் ஒன்று, 1851 டிசம்பர் 28இல் லாகோஸ் மன்னர் மீண்டும் அரியணை ஏறிய பின்னர், இஜெபு மன்னர் அவருக்கு அனுப்பிய சமாதானச் செய்தி. ஒரு நாட்டின் மன்னர் இன்னொரு நாட்டின் மன்னருக்கு எழுதிய இராஜதந்திரக் கடிதம், சோகிகள் கோத்த ஒரு சரம்.