21ஆம் அத்தியாயம்

ஆர். எஃப். குவாங் எழுதிய ‘தி பொப்பி வார்’ (2018) நாவலை வாசிச்ச எங்களில் சிலபேர் 21ஆம் அத்தியாயத்தோட புத்தகத்தை மூடிவைச்சிட்டினம். “கற்பனைக்கும் ஒரு அளவு வேணும்” எண்டதுதான் முறைப்பாடு. ஆனால் அந்த அத்தியாயத்தில்தான் கற்பனை குறைவு.

அதில் வரும் கோலின் நீஸ் நகரம் உண்மையில் சீனாவின் நான்ஜிங். 1937 டிசெம்பர் 13 அன்று ஜப்பானியப் படை அதைக் கைப்பற்றியது. பிறகு ஏறத்தாழ ஆறு கிழமை கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை. எந்தளவுக்கு எண்டால், யார் முதலில் நூறுபேரை வாளால் வெட்டுவது என்று இரண்டு அதிகாரிகள் போட்டி போடுவதை ஜப்பானியப் பத்திரிகை ஒன்று விளையாட்டுச் செய்திபோல எழுதியது. இருவருக்கும் 1948இல் மரணதண்டனை கிடைத்தது. நாவலின் டொக்டர் ஷிரோவை நினைவூட்டும் இஷி ஷிரோ, மனிதர்களில் கிருமிச் சோதனை நடத்திய 731ஆம் பிரிவின் தலைவர். அவருக்கு ஒண்டும் நடக்கேல்லை; ஆய்வுத் தரவுகளை வாங்கிக்கொண்டு அமெரிக்கா விட்டுவிட்டது.

கற்பனை தொடங்குவது அதுக்குப் பிறகு. (முடிவைச் சொல்லுறம், கோவிக்காதேங்கோ.) நாயகி ரின் நெருப்புத் தெய்வத்தை அழைத்து எதிரியின் தீவையே, குழந்தை குட்டியோட, சாம்பலாக்குகிறாள். எங்களை உண்மையாப் பிரிச்சது இந்த இடந்தான். அவளுக்கு வேற என்ன வழி இருந்தது எண்டு ஒரு பக்கம். செத்த பிள்ளையள் எந்தப் படையில இருந்ததுகள் எண்டு மறுபக்கம். மாவோவின் வாழ்க்கையை மனதில் வைத்தே ரின்னைப் படைத்ததாகக் குவாங் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபிறகும் ரெண்டு பக்கமும் இறங்கி வரேல்லை.