ஓராண்டுத் தவணையும் ஒரு மாத்திரையும்

1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தைப் பற்றி நம் ஜமாஅத்துகளில் பேசும்போது, கணவர் காணாமற்போவதும் மனைவிக்குச் செலவுக்குக் கொடுக்காமல் கைவிடுவதுமே பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றன. அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவில் அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு உண்டு. மணம் முடித்த காலத்திலேயே கணவருக்கு ஆண்மைக் குறைவு இருந்து, அது நீங்காமல் தொடர்ந்தால் மனைவி மணமுறிவு கோரலாம் என்கிறது அது. சட்டம் அத்துடன் நின்றுவிடவில்லை. கணவர் விண்ணப்பித்தால் நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுத் தவணை அளிக்க வேண்டும். அதற்குள் குறை நீங்கிவிட்டதென்று அவர் மெய்ப்பித்தால் மணமுறிவுக்கு ஆணையிடலாகாது.

இந்த ஓராண்டு ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று. ஃபிக்ஹு நூல்கள் இந்நிலையில் இருப்பவரை 'இன்னீன்' என்று குறிக்கின்றன. அவருக்கு ஓராண்டு அவகாசம் தர வேண்டும் என்னும் தீர்ப்பு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. ஹனஃபி, ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் இருசாராரும் அதை ஏற்றனர். ஓராண்டுக்குள் நான்கு பருவங்களும் வந்து செல்லும். ஒரு பருவத்தில் சீராகாத உடற்கோளாறு மறு பருவத்தில் சீராகக்கூடும் என்று அவர்கள் காரணம் கூறினர். அந்தப் பருவக் கணக்கை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும் தீர்ப்பின் உள்ளே இருக்கும் பார்வை இன்றும் பொருந்துவது. இது பாவமன்று, இழிவுமன்று, இது நோய். நோயாளிக்குக் காலமும் சிகிச்சையும் தேவை. மனைவிக்கோ உரிமை இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தனர் நம் முன்னோர்.

மதீனாவிலும் இது மூடி மறைக்கப்பட்ட பேச்சாக இருக்கவில்லை. ரிஃபாஆ (ரலி) அவர்களால் மணவிலக்குச் செய்யப்பட்டு, மறுமணம் செய்துகொண்ட ஒரு பெண்மணி, தம் புதிய கணவரின் இயலாமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே வந்து குறிப்பாகச் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. வாசலில் நின்ற தோழர் ஒருவர், இப்பெண்ணைத் தடுக்கலாகாதா என்று கேட்டபோதும் நபியவர்கள் புன்னகைத்தார்களேயன்றி அப்பெண்மணியைக் கடிந்துகொள்ளவில்லை. மார்க்கத்தைக் கேட்டறிய நாணம் தடையாகாதிருந்ததற்காக அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதும் நாம் அறிந்ததே. அப்படியிருக்க, இன்று நம் வீடுகளில் இந்நோயைச் சூழ்ந்திருக்கும் மௌனம் மார்க்கம் கற்றுக்கொடுத்ததென்று சொல்ல இயலாது.

ஹகீம்களும் விளம்பரங்களும்

இஸ்லாமிய மருத்துவ மரபும் இதனை ஒதுக்கிவைக்கவில்லை. இப்னு சீனா (980–1037) தம் 'கானூன்' நூலில் மற்ற உறுப்புகளின் நோய்களோடு இதையும் ஒரு நோயாகவே ஆராய்ந்தார். யூனானி ஹகீம்கள் நாடி பார்த்து, உணவைக் கேட்டு, அதன் பின்னரே மருந்து கொடுத்தனர்.

அச்சகமும் செய்தித்தாளும் பரவிய பிறகு நிலை மாறியது. நோயாளியைப் பாராமலே மருந்து விற்க விளம்பரம் வழி திறந்தது. இதைக் கட்டுப்படுத்த 1954இல் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் இயற்றப்பட்டது. பாலுறவு ஆற்றலைக் கூட்டுவதாகக் கூறி எந்த மருந்தையும் விளம்பரம் செய்வதை அது தடை செய்தது. 1906இல் தில்லியில் ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் தொடங்கிய ஹம்தர்த் தவாகானா, இச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. 1959 டிசம்பரில் வந்த தீர்ப்பு சட்டத்தின் சில பகுதிகளைச் செல்லாதென்றாலும், மக்கள் தாமே மருந்து தேடித் தின்பதைத் தடுக்கும் அதன் நோக்கத்தை ஏற்றுக்கொண்டது.

சட்டம் வந்து எழுபது ஆண்டுகள் கடந்தும், பேருந்து நிலையச் சுவரொட்டிகளும், லாட்ஜ் அறையில் ஒருநாள் மட்டும் அமரும் 'பரம்பரை வைத்தியர்'களும், சிட்டுக்குருவி லேகியமும் நம் ஊர்களை விட்டு அகன்றுவிடவில்லை. இவை பிழைத்திருப்பது மருந்தின் வலிமையால் அன்று; மருத்துவரிடம் வாய் திறக்க அஞ்சும் நம் கூச்சத்தால்.

இதய மருந்தின் வழியில் பிறந்தது

இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாத்திரையின் வரலாறு வெடிமருந்திலிருந்து தொடங்குகிறது. டைனமைட்டின் மூலப்பொருளான நைட்ரோகிளிசரின் நெஞ்சுவலியைத் தணிக்கும் என்று 1879இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் எழுதினார். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரெட் நோபலுக்கே அவருடைய இறுதிக் காலத்தில் இதய நோய்க்கு மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுத்தனர்.

அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது நூறாண்டு காலம் விளங்கவில்லை. இரத்த நாளங்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கிறது. அது நாளங்களைத் தளர்த்தி இரத்தம் பாய வழிவிடுகிறது. நைட்ரோகிளிசரினும் உடலில் அதே வாயுவையே வெளிவிடுகிறது என்பது 1970களிலும் 80களிலும் தெளிவாயிற்று. இதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கிடையே இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரிலிருந்த ஃபைசர் ஆய்வுக்கூடம், நெஞ்சுவலிக்கு மருந்து தேடும்போது சில்டெனாஃபிலை உருவாக்கியது. இதயத்துக்கு அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆனால் சோதனையில் பங்கேற்ற ஆண்கள் வேறொரு விளைவைத் தெரிவித்தனர். ஆய்வு திசைமாறியது. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. வியாக்ரா என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. டடாலாஃபில் போன்றவை பின்னர் வந்தன.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. இது ஆசையை உண்டாக்கும் மருந்தன்று. இரத்த நாளங்களைத் தளர்த்தும் மருந்து. ஆகவே இதன் நன்மையும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நைட்ரேட் மருந்து நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது. சில்டெனாஃபில் அந்த வாயுவின் விளைவு தணியாமல் நீடிக்கச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

நம் ஊருக்கு வந்த கதை

1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. மருந்துப் பொருளுக்குத் தரவில்லை. 2005இல் அந்நிலை மாறும்வரை இந்திய நிறுவனங்கள் வேறு முறைகளில் அதே மருந்தைத் தயாரிக்க முடிந்தது. 2001 முதல் பல பெயர்களில் சில்டெனாஃபில் இங்கே விற்பனைக்கு வந்தது. விலை குறைந்தது, ஏழைக்கும் எட்டியது. சட்டப்படி அது அட்டவணை எச் மருந்து. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால் விலை குறைந்த வேகத்தில் இந்த ஒழுங்கு பரவவில்லை.

பெரம்பலூர் மாவட்டத்தின் லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து அரபு நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் பிழைக்கச் சென்றோர் பலர். இரண்டாண்டு உழைத்து, ஒரு மாத விடுப்பில் ஊர் திரும்புபவருக்கு ஒவ்வொரு நாளும் எண்ணி வைத்த நாள். வெளிநாட்டு உணவும் ஓய்வற்ற வேலையும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அவரிடம் சேர்த்திருக்கும். அரியலூரின் சிமெண்ட் ஆலைகளில் இரவுப் பணி பார்ப்பவருக்கும், லாரி ஓட்டுபவருக்கும் நிலை இதுவே. அப்போது நண்பர் ஒருவர் கொடுக்கும் பெயரற்ற மாத்திரை எளிய வழியாகத் தோன்றும்.

அந்த எளிய வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சிங்கப்பூர் 2008இல் கண்டது. அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களில், சர்க்கரை நோய் இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்த நிலையில் ஐந்து அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 127 பேரின் இரத்தத்திலோ சிறுநீரிலோ கிளைபென்கிளமைடு என்னும் சர்க்கரை மாத்திரையின் மருந்து இருந்தது. ஆண்மைக்கு என்று விற்கப்பட்ட போலி மாத்திரைகளிலும் 'மூலிகை' மருந்துகளிலும் அது கலந்திருந்தது. ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தனர். அவர்களில் நால்வர் இறந்தனர். 'மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை' என்னும் சொல்லுக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு தேவையில்லை.

பேண வேண்டிய நெறிகள்

நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரைகளையோ நிகோராண்டிலையோ உட்கொள்பவர் இம்மாத்திரைகளைத் தொடவே கூடாது. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர், கல்லீரல் நோய் உள்ளவர் ஆகியோர் மருத்துவரின் தெளிவான அனுமதியின்றி உட்கொள்ளலாகாது. சிறுநீர்த் தடைக்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்ற மருந்துகளும் இதனோடு சேரும்போது மயக்கம் வரக்கூடும். ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது, அன்றாடம் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையில் கொண்டுசெல்வது நலம்.

சில்டெனாஃபிலின் வழக்கமான தொடக்க அளவு 50 மில்லிகிராம். 65 வயதைக் கடந்தவர்க்கு 25. ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்ள வேண்டும்; ஒரு நாளில் ஒருமுறைக்கு மேல் கூடாது. பிரியாணி போன்ற கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் உட்கொண்டால் அது வேலை செய்யத் தாமதமாகும். வேலை செய்யவில்லையென்று இரண்டாவது மாத்திரையை விழுங்குவதே பலர் சறுக்கும் இடம். தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு ஆகியவை பொதுவானவை. பார்வையோ செவிப்புலனோ திடீரென்று மங்கினாலும், விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாத்திரை உட்கொண்டபின் நெஞ்சுவலி வந்தால், 108 ஊர்தியில் வருபவரிடமும் மருத்துவரிடமும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில்டெனாஃபில் உட்கொண்டு 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் உட்கொண்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் மருந்து தரலாகாது. நோயாளி வாய் திறக்காவிடின் மருத்துவர் அறிய வழியில்லை. அந்த நேரத்தில் மனைவிக்கும் விவரம் தெரிந்திருப்பது உயிரைக் காக்கும். அவருக்குத் தெரியாமல் உட்கொள்ளும் பழக்கம் அந்தக் காவலை இழக்கச் செய்கிறது.

மற்றொன்றும் உண்டு. இக்குறைபாடு பலருக்கு நோயன்று, நோயின் முன்னறிவிப்பு. உடலின் மெல்லிய நாளங்களில் முதலில் தென்படும் அடைப்பு, சில ஆண்டுகள் கழித்து இதயத்தில் வெளிப்படலாம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தாமாக மாத்திரை வாங்கி உட்கொள்பவர், குறையை மறைப்பதோடு அதன் பின்னிருக்கும் எச்சரிக்கையையும் மறைத்துவிடுகிறார். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்று சோதனைகளும் மாத்திரைக்கு முன் வர வேண்டியவை.

பெரம்பலூரில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முன்பு திருச்சிக்கோ தஞ்சைக்கோ செல்ல வேண்டியிருந்த ஆலோசனைக்கு இன்று தொலைவு தடையில்லை. தடையாக எஞ்சியிருப்பது நாணம் ஒன்றே. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாவார் என்று நபியவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. தெரியாத மாத்திரையை நண்பருக்குக் கொடுப்பவரும் அந்த எச்சரிக்கையைத் தமக்கும் உரியதாகக் கருதுவது நலம்.

நம் முன்னோர் இந்நோயாளிக்கு ஓராண்டுத் தவணை கொடுத்தனர்; அவசரப்படுத்தவில்லை, அவமதிக்கவில்லை. அந்தப் பொறுமையில் சிறு பங்கை நம் வீடுகளிலும் நமக்கு நாமே அளித்துக்கொண்டால், ஒரு மருத்துவரின் முன் அமர்ந்து உண்மையைச் சொல்ல அரைமணி நேரம் போதும். நோயைத் தந்த வல்ல அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் முறையாகத் தேடி அடையும் தெளிவை நம் குடும்பங்களுக்கு வழங்குவானாக.